மார்க்கெட்டிங் படிக்கப் போகிறீர்களா?

"பையன் நல்லாப் பேசுவான், மார்க்கெட்டிங்ல சேர்த்து விடுங்க." பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் இந்தப் பேச்சு காதில் விழும். சொல்பவர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் அது பாதிதான் சரி. இந்தப் படிப்புக்கும் வேலைக்கும் பேசும் வாயைவிடக் கேட்கும் காதும் கணக்குப் போடும் கையும் அதிகம் வேண்டும். ஆகவே அதிகம் பேசாத பிள்ளைகளே, உங்களுக்கும் இதில் இடம் உண்டு.

மார்க்கெட்டிங் என்றால் விற்பனைதானே, விளம்பரம்தானே என்று கேட்பீர்கள். இரண்டும் அதன் பகுதிகள். யாருக்கு எது தேவை என்று தெரிந்துகொள்வதில் வேலை தொடங்குகிறது. அதற்கேற்ற பொருளைச் செய்து, அவர்களால் கொடுக்க முடிந்த விலை வைத்து, அவர்கள் வழக்கமாகப் போகும் கடையில் கிடைக்கச் செய்து, அப்படி ஒரு பொருள் இருப்பதை அவர்களுக்குச் சொல்ல வேண்டும். இத்தனையும் சேர்ந்ததுதான் மார்க்கெட்டிங்.

பொருள், விலை, கிடைக்கும் இடம், எடுத்துச் சொல்லும் விதம் என்ற இந்த நான்கையும் 1960இல் வெளிவந்த தன் பாடநூலில் வரிசைப்படுத்தித் தந்தவர் ஜெரோம் மெக்கார்த்தி என்ற அமெரிக்கப் பேராசிரியர். 1967இல் பிலிப் காட்லர் எழுதிய பெரிய பாடநூல் அதை உலகம் முழுவதும் கொண்டுபோனது. நீங்கள் எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் முதல் மாதமே இந்த நான்கும் கரும்பலகையில் வந்து நிற்கும்.

புத்தகத்தில் படிக்கும்போது இவை வெறும் நான்கு சொற்கள். நம் ஊர்க் கதை ஒன்றோடு சேர்த்துப் பார்த்தால் உயிர் வரும்.

உங்கள் தெரு மளிகைக் கடையில் தலைக்கு மேல் சரம் சரமாக ஷாம்பு பாக்கெட் தொங்கும், பார்த்திருப்பீர்கள். ஷாம்பு என்றால் வசதியான வீட்டுக் குளியலறையில் நிற்கும் பாட்டில் என்று இருந்த காலத்தில், அதைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்கலாம் என்று முன்னோடியாக யோசித்தவர்களில் ஒருவர் கடலூர்க்காரர் சின்னி கிருஷ்ணன். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாய் முதல் போட்டுத் தனியாகத் தொழில் தொடங்கி, 'சிக்' ஷாம்புவைக் கொண்டுவந்தார். அந்த நிறுவனம்தான் இன்றைய கவின்கேர்.

கிராமத்தில் அன்று தலைக்குச் சீயக்காய், இல்லையென்றால் குளிக்கிற சோப்பு. பாக்கெட்டைக் கையில் கொடுத்தாலும் எப்படித் தேய்ப்பது என்று தெரியாது. அதனால் நிறுவனத்து ஆட்கள் ஊருக்குள் போய், எல்லார் முன்னாலும் ஒரு பையனுக்குத் தலை தேய்த்துக் குளிப்பாட்டினார்கள். முடி காய்ந்ததும் தொட்டுப் பாருங்கள், மோந்து பாருங்கள் என்றார்கள். காலிப் பாக்கெட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்றார்கள். முதலில் எந்த நிறுவனத்துப் பாக்கெட்டும் செல்லும். பிறகு சிக் பாக்கெட் மட்டும்தான் செல்லும் என்று மாற்றினார்கள். மல்லிகை, ரோஜா மணங்களையும் சேர்த்தார்கள்.

இப்போது அந்த நான்கையும் பொருத்திப் பாருங்கள். மல்லிகை மணம், பொருள். சில்லறைக் காசுக்குள் முடியும் பாக்கெட், விலை. தெருமுனைக் கடை, இடம். பையனின் தலை, எடுத்துச் சொல்லும் விதம். தலைக்கு மல்லிகை வைக்கும் பெண்களுக்கு எந்த மணம் பிடிக்கும், கூலி வாங்கும் வீட்டில் ஒரு முறைக்கு எவ்வளவு செலவழிக்க முடியும் என்று பார்த்து வைத்திருந்த கண்தான் இதில் பெரிது. அந்தக் கண்ணைப் பழக்குவதுதான் மார்க்கெட்டிங் படிப்பு.

கணக்கு வராதே, படிக்க முடியுமா? முடியும். பிளஸ் டூவில் எந்தப் பிரிவு எடுத்திருந்தாலும் பெரும்பாலான கல்லூரிகள் பி.பி.ஏ.வில் (வணிக நிர்வாக இளநிலைப் பட்டம்) சேர்த்துக்கொள்கின்றன. ஆனால் கணக்கே கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கணக்குப் பதிவியல், பொருளியல், புள்ளியியல் மூன்றும் கட்டாயம் வரும். வேண்டியது பெரிய கணிதம் இல்லை. சதவீதமும் சராசரியும் கைக்குப் பழகியிருக்க வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு. பாக்கெட்டில் அச்சிட்ட விலை 10 ரூபாய், கடைக்காரர் வாங்குவது 9 ரூபாய்க்கு என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு லாபம் எத்தனை சதவீதம்? விற்கும் விலையை வைத்துப் பார்த்தால் 10. போட்ட முதலை வைத்துப் பார்த்தால் 11-க்குச் சற்று மேல். கடைக்காரர் முதலை வைத்துத்தான் பேசுவார், உங்கள் மேலாளர் விலையை வைத்துப் பேசுவார். இந்த வித்தியாசம் புரியாதவர் இரண்டு பக்கமும் திட்டு வாங்குவார்.

எந்தப் பட்டம் எடுப்பது? பிளஸ் டூ முடித்தவுடன் பி.பி.ஏ. அல்லது மார்க்கெட்டிங்கைச் சிறப்புப் பாடமாகக் கொண்ட பி.காம்., இரண்டில் ஒன்றை எடுக்கலாம். வழக்கமாக மூன்று ஆண்டு. அதற்குப் பிறகு இரண்டு ஆண்டு எம்.பி.ஏ. அதில் முதல் ஆண்டு எல்லாருக்கும் பொது, இரண்டாம் ஆண்டில்தான் மார்க்கெட்டிங், நிதி, மனிதவளம் என்று பிரியும். எம்.பி.ஏ.வுக்கு எந்தப் பட்டமும் போதும் என்பதால் இயற்பியல் படித்தவரும் தமிழ் இலக்கியம் படித்தவரும் பொறியாளரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள்.

பி.பி.ஏ.வா, பி.காம்.மா என்று குழம்பினால், என் கருத்து பி.காம். பக்கம். கணக்கில் பிடி கிடைக்கும். நாளைக்கு மார்க்கெட்டிங் பிடிக்காமல் போனால் தணிக்கை, வங்கி என்று பக்கத்துக் கதவுகளும் திறந்திருக்கும். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2, குரூப் 1 போன்ற தேர்வுகளுக்கு இரண்டில் எது இருந்தாலும் போதும். பி.பி.ஏ.தான் என்று முடிவு செய்தால், கல்லூரிக்கு ஏ.ஐ.சி.டி.இ. (தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழு) அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். 2024-25 முதல் பல்கலைக்கழகங்களோடு இணைந்த கல்லூரிகளின் பி.பி.ஏ.வும் அந்தக் குழுவின் கீழ் வந்துவிட்டது.

எம்.பி.ஏ.வுக்கு என்ன தேர்வு? தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கு அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட். திருச்சியில் 2011இல் வந்த ஐ.ஐ.எம். (இந்திய மேலாண்மைக் கழகம்) உட்பட எல்லா ஐ.ஐ.எம்.களுக்கும் கேட் தேர்வு. சில நிறுவனங்கள் எம்.பி.ஏ. என்று சொல்லாமல் பி.ஜி.டி.எம். என்று தருகின்றன. அது பல்கலைக்கழகத்தோடு இணையாத நிறுவனம் தரும் முதுநிலைப் பட்டயம். தனியார் வேலைக்குப் போக அது தடையில்லை. பின்னால் பிஎச்.டி., பேராசிரியர் வேலை என்று நினைப்பவர்கள், அது எம்.பி.ஏ.வுக்குச் சமம் என்று ஏற்கப்பட்டிருக்கிறதா என்று சேரும் முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இனி வேலை. உங்களில் பலர் தெரிந்துகொள்ள வந்தது இதைத்தான்.

முதல் வேலை பெரும்பாலும் விற்பனையில்தான் கிடைக்கும். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு வருபவர் நிலைக்கிறார். குளிர்சாதன அறையில் உட்கார்ந்து விளம்பரப் படம் பற்றிப் பேசுவோம் என்று நினைத்து வருபவர் மூன்றே மாதத்தில் வேலையை விடுகிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு யாரும் உண்மையைச் சொல்லவில்லை.

அந்த நாள் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். பிஸ்கெட், சோப்பு போன்ற பொருள்களை விற்கும் நிறுவனத்தில் சேர்கிறீர்கள் என்று வையுங்கள். காலை ஒன்பது மணிக்கு டிஸ்ட்ரிபியூட்டர் (நிறுவனத்திடம் மொத்தமாக வாங்கிக் கடைகளுக்கு அனுப்புபவர்) குடோனில் நிற்க வேண்டும். அன்றைய பீட் (ஒரு நாளில் சுற்றிவர வேண்டிய கடைகளின் வரிசை) செல்போன் செயலியில் இருக்கும். முப்பது, நாற்பது கடை. வெயில் ஏறுவதற்குள் பாதியாவது முடித்தால்தான் மிச்சம் நடக்கும்.

முதல் கடை. அண்ணாச்சி ஒரு கையால் பருப்பை நிறுத்துக்கொண்டே இன்னொரு கையால் சில்லறை கொடுக்கிறார். "நாளைக்கு வா தம்பி." அங்கே பேச்சுத் திறமையைக் காட்டினால் எரிச்சல்தான் வரும். ஓரமாக நின்று அலமாரியைப் பாருங்கள். உங்கள் பொருள் எத்தனை மிச்சம், எது முன்னால் இருக்கிறது, எதன் தேதி முடியப்போகிறது? கூட்டம் கொஞ்சம் குறைந்ததும் அவரே வாய் திறப்பார்: "போன மாசம் எலி கடிச்ச பாக்கெட்டுக்கு இன்னும் காசு வரலை." அதை எழுதிக்கொண்டு போய், டிஸ்ட்ரிபியூட்டரிடம் பேசி, அடுத்த வாரம் கணக்கில் கழித்துக் கொடுங்கள். அதற்கு அடுத்த வாரம் நீங்கள் கேட்காமலே ஆர்டர் வரும்.

டார்கெட் என்று பயமுறுத்துகிறார்களே? டார்கெட் (மாதத்துக்குள் விற்றாக வேண்டிய அளவு) உண்டு, அழுத்தமும் உண்டு. மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் இதில் இரண்டு கணக்கு இருப்பதை முதல் நாளே புரிந்துகொள்ளுங்கள். நிறுவனத்திலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போவது பிரைமரி, அவரிடமிருந்து கடைக்குப் போவது செகண்டரி. மாதக் கடைசியில் எண்ணிக்கையைக் காட்ட டிஸ்ட்ரிபியூட்டர் தலையில் சரக்கைக் கட்டிவிடும் பழக்கம் இருக்கிறது. அது அடுத்த மாதம் திரும்பி வரும், அல்லது குடோனில் தேதி முடிந்து கிடக்கும். செகண்டரியைச் சரியாகப் பார்ப்பவருக்கு மாதக் கடைசி அவ்வளவு கடினமாக இருக்காது.

சம்பளம் எப்படிப் பேசுவது? சி.டி.சி. (ஓர் ஆண்டில் உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு) என்று ஒரு தொகை சொல்வார்கள். 3,60,000 என்றால் மாதம் 30,000 கைக்கு வரும் என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள். நிறுவனம் கட்டும் வருங்கால வைப்பு நிதிப் பங்கும், டார்கெட் முடித்தால் மட்டும் வரும் ஊக்கத்தொகையும்கூட அதில் சேர்ந்திருக்கலாம். "டார்கெட் முடியாத மாதத்தில் கைக்கு எவ்வளவு வரும்? பெட்ரோல் படி தனியா?" இந்த இரண்டையும் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

எத்தனை வருடம் வெயிலில் அலைவது? இரண்டு, மூன்று ஆண்டு கடை கடையாகப் போனவருக்குப் பல கிளைகள் திறக்கும். ஒரு பகுதிக்குப் பொறுப்பான மேலாளர் ஆகலாம். பிராண்ட் மேலாளர் (ஒரே பொருளின் விலை, விளம்பரம், விற்பனை எல்லாவற்றையும் கவனிப்பவர்) வேலைக்குப் பெரும்பாலும் நல்ல நிறுவனத்து எம்.பி.ஏ. கேட்கிறார்கள். ஆனால் அங்கே போய் உட்காரும்போதும் அண்ணாச்சி கடை அனுபவம்தான் கை கொடுக்கும். சந்தை ஆய்வு (வாங்குபவர்களிடம் கேட்டுத் தகவல் திரட்டி ஆராய்வது) என்று ஒரு துறை உண்டு. அதிகம் பேசாமல் நிறையக் கவனிப்பவர்களுக்கு அது பொருந்தும். மருந்து நிறுவனப் பிரதிநிதி வேலைக்கு அறிவியல் அல்லது மருந்தியல் பட்டத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். பி.காம். காரர்கள் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

வங்கியிலும் இதற்கு இடம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. பொதுத்துறை வங்கிகளுக்காக ஐ.பி.பி.எஸ். (வங்கிப் பணியாளர் தேர்வு நிறுவனம்) நடத்தும் சிறப்பு அதிகாரி தேர்வில் மார்க்கெட்டிங் அதிகாரி என்று தனிப் பதவி இருக்கிறது. அதற்குப் பட்டத்தோடு, மார்க்கெட்டிங்கில் இரண்டு ஆண்டு முழுநேர முதுநிலைப் படிப்பும் வேண்டும். மூன்றாண்டுப் பட்டம் மட்டும் போதாது. இரண்டு சிறப்புப் பாடம் எடுத்தவர் விண்ணப்பிக்கலாம், அதில் ஒன்று மார்க்கெட்டிங்காக இருக்க வேண்டும். இரண்டுக்கு மேல் எடுத்தவரை ஏற்பதில்லை என்று அறிவிப்புகளில் போட்டிருக்கிறார்கள். ஆசைப்பட்டு மூன்று பாடம் சேர்த்து எடுத்தால் இந்தக் கதவு சாத்திக்கொள்ளும். விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பையும் ஒரு முறை படித்துவிடுங்கள்.

டிஜிட்டல் மார்க்கெட்டிங் படித்தால் போதாதா, பட்டம் எதற்கு? நியாயமான கேள்வி. செல்போனில் விளம்பரம் போடும் வித்தையைக் கற்கப் பெருந்தொகை கட்டத் தேவையில்லை. கூகுளின் ஸ்கில்ஷாப் தளத்தில் பாடமும் சான்றிதழ்த் தேர்வும் இலவசம். ஆனால் விளம்பரம் போடத் தெரிவது வேறு, கணக்குப் பார்க்கத் தெரிவது வேறு.

ஒரு சேலைக் கடைக்கு 1,000 ரூபாய்க்கு விளம்பரம் போடுகிறீர்கள். ஒரு முறை தட்டுவதற்கு 10 ரூபாய் என்றால் 100 பேர் வந்து பார்க்கிறார்கள். நாலு பேர் வாங்குகிறார்கள். ஒரு ஆளைப் பிடிக்க 250 ரூபாய் ஆனது. சேலைக்கு லாபம் 200 என்றால், ஒவ்வொரு விற்பனைக்கும் 50 ரூபாய் போகிறது. "நாலு ஆர்டர் வந்துச்சு" என்று சந்தோஷப்படுபவருக்கும், வாங்கிய நாலு பேரில் எத்தனை பேர் திரும்ப வருவார்கள் என்று யோசிப்பவருக்கும் உள்ள தூரத்தைப் பட்டப்படிப்பு கடக்க வைக்க வேண்டும். வைக்காவிட்டால் அந்தக் கல்லூரி சரியில்லை.

தமிழ் வழியில் படித்தேன், ஆங்கிலம் தடுமாறுகிறதே? கடைத்தெருவில் உங்கள் தமிழ்தான் பலம். தூத்துக்குடியிலும் திருப்பூரிலும் வாங்குபவர் மனதைப் புரிந்துகொள்ள வேறு மொழி உதவாது. ஆனால் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பும் கடிதமும் அறிக்கையும் ஆங்கிலத்தில்தான். படிக்கும் மூன்று ஆண்டில் தினமும் ஒரு பத்தி ஆங்கிலத்தில் எழுதுங்கள், எக்செல் பழகுங்கள். இந்த இரண்டையும் செய்தால் தடுமாற்றம் பெருமளவு போய்விடும்.

பெண் பிள்ளையை அனுப்பலாமா? பெற்றோர் தயங்கிக் கேட்கும் கேள்வி இது. நிறைய பெண்கள் இந்த வேலையில் இருக்கிறார்கள், நன்றாகவும் செய்கிறார்கள். தூர ஊர்ப் பயணமும் இரவுப் பேருந்தும் சில வேலைகளில் உண்டு. வங்கி, சந்தை ஆய்வு, டிஜிட்டல், விளம்பர நிறுவனம் போன்றவற்றில் அலைச்சல் குறைவு. எதைத் தேர்ந்தாலும் ஒன்று தெரிந்திருக்கட்டும். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் அலுவலகக் கட்டடத்தோடு முடிவதில்லை. வேலைக்காகப் போகும் இடமும், அதற்கு நிறுவனம் தரும் வாகனமும் அதன்படி பணியிடமே. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு இருக்க வேண்டும். சேரும் நாளிலேயே அந்தக் குழுவில் யார் யார் என்று கேட்டுக் குறித்து வையுங்கள்.

அடுத்தது ஓர் எச்சரிக்கை. பட்டம் முடித்துச் சும்மா இருக்கும் பிள்ளைகளைக் குறிவைத்து, "மார்க்கெட்டிங் வேலை, மாதம் இவ்வளவு" என்று ஒரு கூட்டம் கூப்பிடும். ஹாலில் உட்காரவைத்துக் கைதட்டச் சொல்வார்கள். கடைசியில் சேர்வதற்குப் பணம் கட்டு, உன் கீழே நாலு பேரைச் சேர் என்பார்கள். அது வேலை இல்லை. நேரடி விற்பனைக்கான 2021ஆம் ஆண்டு விதிகளின்படி சேர்க்கைக் கட்டணம் வாங்கக் கூடாது. ஆள் சேர்ப்பதற்குக் காசு தரும் பிரமிட் திட்டத்துக்கும் தடை. வேலைக்குப் போகிறவர் பணம் வாங்க வேண்டும். பணம் கேட்டார்கள் என்றால் எழுந்து வந்துவிடுங்கள், கூடவே பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நண்பரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

கடைசியாகக் கடன். வங்கிகளின் பொதுவான கல்விக் கடன் திட்டத்தில் 4 லட்சம் வரை பிணை கேட்பதில்லை. பொதுவாகப் படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத்தான் தவணை தொடங்கும். ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஓடும். 6 லட்சத்தை 10 சதவீத வட்டியில் ஏழு ஆண்டில் அடைக்க, மாதம் ஏறத்தாழ 10,000 ரூபாய் கட்ட வேண்டும். படிக்கும் காலத்து வட்டி இதற்கு மேல். முதல் வேலையில் கைக்கு 18,000 வருகிறது என்றால் மீதி எட்டாயிரத்தில் வாடகை, சாப்பாடு, பெட்ரோல் எல்லாம் நடக்குமா என்று வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள்.

என்னைக் கேட்டால், அரசு அல்லது அரசு உதவி பெறும் கல்லூரியில் குறைந்த கட்டணத்தில் பட்டத்தை முடியுங்கள். இரண்டு ஆண்டு விற்பனையில் வேலை பாருங்கள். வேலை பிடித்திருந்தால், நல்ல கல்லூரியில் இடம் கிடைத்தால், அப்போது எம்.பி.ஏ. போங்கள். பெயர் தெரியாத கல்லூரியில் பெரிய கடன் வாங்கி எம்.பி.ஏ. சேர்வதைவிட, சேராமல் இருப்பதே மேல்.

எந்தக் கல்லூரியானாலும் சேர்க்கைக் கட்டணம் கட்டுவதற்கு முன் ஒரு நாள் நேரில் போய்விட்டு வாருங்கள். அலுவலகத்தில் தரும் வண்ணப் புத்தகம் போதாது. வாசலில் இருக்கும் டீக்கடையில் கடைசி ஆண்டு மாணவர் இரண்டு பேரைப் பிடித்து, கோடை விடுமுறைப் பயிற்சிக்கு எந்த நிறுவனத்துக்குப் போனார்கள், அங்கே என்ன வேலை கொடுத்தார்கள், போன ஆண்டு படித்து முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை எழுதிக்கொண்டு வந்து, வீட்டில் படித்துக் காட்டிவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள்.